எல்லைக்கல்லுக்கு அந்தாண்டை நின்ற ஐஸ் பெட்டி

அன்வர் பாஷா கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே கனவு காண்கிற ஆள். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அவர் சைக்கிளில் ஐஸ் விற்கிறார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். எதிரே வருகிற பஸ்ஸின் டிரைவர் வாயில் வந்தபடி திட்டிவிட்டுப் போவார். இவர் ஓரமாக ஒதுங்கி நின்று, பஸ் கிளப்பிய புழுதி வெயிலில் மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். என்ன பாய் அங்கே தெரிகிறது என்று கேட்டால், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மறுபடியும் அதையே பார்ப்பார்.

சின்ன வயதில் அவரைக் கடைத்தெருவில் தாய்மாமனுடைய துணிக்கடையில்தான் நிறுத்தினார்கள். ஒருநாள் மேல்சித்தாமூரிலிருந்து ரவிக்கைத் துணி எடுக்க வந்தவருக்கு அளந்து போடச் சொன்னார் மாமா. அந்த நேரம் பார்த்து, கடை வாசலுக்கு நேரே, ராஜகிரி மலை உச்சியில் ஒரு மேகம் வந்து உட்கார்ந்துவிட்டது. அன்வர் பாஷா அதைப் பார்த்தார். கை பாட்டுக்கு அளந்துகொண்டே போயிற்று. மேகம் எழுந்து நகர்ந்து இவருக்கு நினைவு திரும்பியபோது, துணி மேசையைத் தாண்டித் தரையில் குவிந்து கிடந்தது. வந்தவர் நல்லவர், பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றிருந்தார். மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நீ துணி அளக்கிற ஆள் இல்லை, மேகம் அளக்கிற ஆள் என்று சொல்லி அன்றைக்கே தலைமுழுகிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஐஸ் கம்பெனி ஒன்று புதிதாக வந்திருந்த சமயம் அது. வேலை கேட்கப் போன இவர் கண்முன்னால் யாரோ ஒரு மரப்பெட்டியின் மூடியைத் தூக்கினார்கள். உள்ளே இருந்து வெள்ளைப் புகை சோம்பலாக எழுந்தது. விளிம்பில் வழிந்து கீழே இறங்கி, தரையைத் தொடுவதற்குள் காணாமல் போயிற்று. அவ்வளவுதான், அன்வர் பாஷா மனசைப் பறிகொடுத்துவிட்டார். பக்ருன்னிசாவைப் பெண் பார்க்கப் போனபோதுகூட அவர் அப்படி நிற்கவில்லை என்று பிற்பாடு அந்தம்மாவே குறை சொல்வதுண்டு.

அன்று முதல் சைக்கிள் கேரியரில் ஒரு மரப்பெட்டி, அதற்குள் தெர்மாகோல், உப்பு போட்ட ஐஸ்கட்டி, நடுவில் பால் ஐஸ், சேமியா ஐஸ், நாக்குக்குச் சாயம் ஏற்றும் ஆரஞ்சு ஐஸ். ஹேண்டில்பாரில் ஒரு ரப்பர் ஹாரன். செஞ்சியை விட்டு வெளியே வந்து பாறைகளுக்கு நடுவே ரோடு வளையும் இடத்தில், உச்சி வெயிலில், மலையே நின்ற இடத்தில் நெளியும். குண்டுக் குண்டான கற்கள் எல்லாம் தரையை விட்டுச் சற்று மேலே மிதப்பதாகத் தெரியும். அந்த நேரத்தில் முதுகுக்குப் பின்னால் சில்லென்று ஒரு மூச்சு வந்து தொடும். தான் ஒரு மார்கழி மாதத்தைக் கயிறு போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு போவதாக அவருக்குத் தோன்றும். அப்படியே மிதித்துக்கொண்டு போவார்.

அவருக்கும் பக்ருன்னிசாவுக்கும் பிள்ளை இல்லை. அதற்காக தர்கா தர்காவாக ஏறி இறங்கியதெல்லாம் பழைய கதை, அதைப் பேசுவதை இருவரும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு ஊர் முனையிலும் ஹாரனை அழுத்தியதும் பிள்ளைகள் ஓடி வருவார்களே, சட்டை இல்லாமல், மூக்கு ஒழுக, பாதிச் சோற்றில் எழுந்து, கையைக் கழுவாமல், அதுதான் அவருக்கு எல்லாம். ஐஸ் விற்பது சும்மா ஒரு சாக்கு என்று பக்ருன்னிசாவிடம் ஒருமுறை சொல்லியும்விட்டார். அப்படியா, அரிசிக்கும் அந்தப் பிள்ளைகளிடமே கேளுங்கள் என்றாள் அவள். வாய் அப்படிச் சொன்னதே தவிர, அவர் திரும்பி வந்ததும் இன்றைக்கு யார் யார் ஓடி வந்தார்கள் என்று அவள்தான் முதலில் கேட்பாள்.

பிள்ளைகளிலும் அவருக்கு ஒருத்தி மேல் கூடுதல் பாசம், மறைப்பானேன். கல்லேரிக்குப்பத்துச் செங்கேணி. பாறைக் குன்றுக்குக் கீழே மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டே தெரு உள்ள சின்ன ஊர் அது. நடுவில் கொஞ்சம் வயல். மேலத்தெருவில் கல் உடைக்கும் துரைக்கண்ணுவுக்கும் சின்னப்பொண்ணுக்கும் வெகு காலம் கழித்துப் பிறந்த ஒரே மகள் செங்கேணி. மற்ற பிள்ளைகள் காசை நீட்டுவார்கள், இவள் முகத்தை நீட்டுவாள். மூடியைத் திறந்ததும் பெட்டிக்குள் தலையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். புகை அவள் காதோரம் வழிந்து போகும்.

"இந்தப் பொக எங்க போவுது ஐஸ் பாய்?" என்று தினம் கேட்பாள்.

தினம் ஒரு பதில் சொல்வார். ராஜகிரி உச்சிக்குத் தூங்கப் போகிறது. ஏரிக்குள் இருக்கும் மீனுக்குப் போர்வை போத்தப் போகிறது. நேற்று வேறு இடம் சொன்னாயே என்று மடக்குவாள். நேற்றைய புகை வேறு, இன்றைய புகை வேறு என்பார். இந்தப் பேச்சுக்காகவே கல்லேரிக்குப்பத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு, பொழுதுக்கும் அங்கே நின்றுவிட்டு வருவார்.

எண்பத்தேழாம் வருஷம் பங்குனியிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. அந்தப் பக்கத்து ஊர்களில் வாசலுக்கு வாசல் வேப்பிலை செருக ஆரம்பித்தார்கள். மணல்வாரி அம்மை. முதலில் சளியும் இருமலும் காய்ச்சலும், பிறகு உடம்பெல்லாம் மணலை வாரி இறைத்ததுபோல் பொரிப் பொரியாகச் சிவப்பு. தேறி எழுகிற பிள்ளைகள்தான் அதிகம். ஆனால் நெஞ்சில் இறங்கி மூச்சு வாங்க வைத்துவிட்டால், வற்றிப்போன சின்ன உடம்புகள் தாங்குவதில்லை.

வேப்பிலை செருகிய வீட்டுக்குச் சட்டங்கள் உண்டு. அங்கே தாளிக்க மாட்டார்கள். வெளியாள் படி ஏறக் கூடாது. உள்ளே படுத்திருப்பது பிள்ளை அல்ல, ஆத்தா வந்து இறங்கியிருக்கிறாள். அதனால் மருந்து, மாத்திரை, ஊசி எதுவும் கூடாது. அந்தப் பிள்ளை வாயைத் திறந்து எது கேட்டாலும் அது ஆத்தா கேட்பது, இல்லை என்று சொல்லக் கூடாது. இளநீர் கேட்டால் இளநீர், நுங்கு கேட்டால் நுங்கு. உடம்பு அனலாகக் கொதிக்கும்போது எந்தப் பிள்ளைதான் ஐஸ் கேட்காது, சொல்லுங்கள்.

கல்லேரிக்குப்பத்தில் முதலில் அம்மை வார்த்தது மேலத்தெரு இளையபெருமாள் வீட்டில். அவர் மாரியம்மன் கோயில் பூசாரி, ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவருடைய பேரன் ஐஸ் கேட்டு அழுதான். ஆத்தா கேட்கிறாள் பாய் என்று கூப்பிட்டார்கள். அன்வர் பாஷா சைக்கிளை அந்த வீட்டு வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். தாய்க்காரி மஞ்சள் துணி சுற்றிய பிள்ளையை நிலைப்படியில் வந்து உட்காரவைத்தாள். பெட்டி போகிற இடத்துக்கு மேலத்தெருப் பிள்ளைகள் போகாமல் இருப்பார்களா? அத்தனை பேரும் பின்னாலேயே வந்து சுற்றி நின்றார்கள். வீட்டுக்குள் யாரும் போகக் கூடாது என்றுதான் சட்டமே தவிர, வாசலில் நிற்கிற ஐஸ் பெட்டியைப் பற்றி எந்தச் சட்டமும் இல்லை. செங்கேணி வழக்கம்போல் பெட்டி விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு, அந்தப் பையன் இருமி இருமிச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்வர் பாஷா காசு வாங்கவில்லை. ஆத்தாவே தன் கையால் ஐஸ் வாங்கித் தின்றாள் என்று வீட்டில் வந்து சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. இப்படியே நாலைந்து ஊர்களில் வேப்பிலை வாசல்களுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

ஐஸ் கம்பெனிக்கு ஐஸ் எடுக்க வருகிற இன்னொரு ஆள் நர்ஸ் சுந்தராம்பாள். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுகிற வேலை அந்தம்மாவுக்கு. ஆஸ்பத்திரியில் கரண்ட் போய் ஃபிரிஜ் நின்றுவிட்டால், மருந்து கெடாமல் இருக்கப் பெட்டி நிறைய ஐஸ்கட்டி வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார். குடையும் மூக்குக்கண்ணாடியுமாக, யாரையும் நின்று பேசவிடாத நடை. ஒருநாள் அன்வர் பாஷாவைப் பார்த்து அவரே நின்றார். வேப்பிலை செருகிய வீடுகளுக்குப் பெட்டியைக் கொண்டுபோகாதீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்.

அன்வர் பாஷாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை, ஐஸ் கம்பெனியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊருக்கெல்லாம் குளுமை கொடுக்கிறவன் நான், என் ஐஸில் என்ன நோய் இருக்கிறது என்று கேட்டார்.

"ஐஸ்ல ஒண்ணும் இல்ல பாய். அம்ம வாத்த புள்ள இருமுற காத்துல இருக்குது. உங்க பெட்டி நிக்கிற வாசல்ல ஊர்ப் புள்ளைங்க மொத்தமும் மூஞ்சிய நீட்டிக்கினு நிக்குதுங்க, அதத்தான் சொல்றேன்."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இந்தம்மாவுக்கு என்ன தெரியும் என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். ஆனாலும் பெட்டி விளிம்பில் இருந்த ஒரு சின்ன முகவாய் கண்ணை விட்டுப் போகவில்லை. கல்லேரிக்குப்பத்துக்குத் திரும்புகிற இடம் வந்ததும் கால் தானாக நின்றது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சைக்கிளைத் தளவானூர் பக்கம் திருப்பினார்.

அதற்குப் பிறகு பல நாள் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. தளவானூர்க் குன்றில் குடைந்த பழைய கோயிலுக்குப் பக்கத்தில் நிழலாக ஒரு பாறை உண்டு. அதில் சாய்ந்துகொண்டு பாதி விழிப்பும் பாதி உறக்கமுமாகக் கிடப்பார். செங்கேணி வந்து புகையைப் பற்றிக் கேட்பாள். இவரும் ஏதாவது சொல்வார். பாறைக்குள் இருந்து வருகிற குளிர் எது, பெட்டிக்குள் இருந்து வருகிற குளிர் எது என்று தெரியாமல் எல்லாம் ஒன்றாகிவிடும். அம்மையெல்லாம் இறங்கி வேப்பிலையை எடுத்த பிறகு போகலாம், அவளுக்கு ஒரு சேமியா ஐஸ் கூடக் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று நினைத்துக்கொள்வார்.

கடைசியில் மனசு கேட்காமல் ஒருநாள் போனார். தெரு முனையில் ஹாரனை அழுத்தினார். மேலத்தெருவிலிருந்து யாரும் வரவில்லை. செங்கேணி வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டிருந்தார்கள். நிலைப்படியில் சின்னப்பொண்ணு தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்தும் அவள் எழவில்லை.

"மூச்சு வாங்கிச்சு பாய்," என்றாள். "ஐஸ் பாய், ஐஸ் பாய்னு கேட்டுக்கினே இருந்தா. ஆத்தா கேக்குதேன்னு ரோட்டுல போய்ப் போய்ப் பாத்தேன். நீங்க வரல."

 வரக் கூடாதபோது வந்தேன், வந்திருக்க வேண்டியபோது வரவில்லை என்று அன்வர் பாஷாவால் சொல்ல முடியுமா அவளிடம்? சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு மண்ணில் உட்கார்ந்தார். பெரிய ஆம்பளை, ஊர் பார்க்க, தலையில் போட்டிருந்த துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். சின்னப்பொண்ணு அவரைப் பார்க்கவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து பாயில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. பெட்டியில் இருந்ததெல்லாம் உருகி முற்றத்தில் ஓடியது. பகலும் தெரியாமல் இரவும் தெரியாமல் கிடந்தார். கண்ணை மூடினால் வெள்ளைப் புகை எழும், ஊரெல்லாம் பரவும், அதற்குள் பிள்ளைகள் ஒவ்வொருவராக நடந்து போவார்கள். கூப்பிடலாம் என்று ஹாரனைத் தேடுவார், கை எட்டாது. பக்ருன்னிசா கஞ்சி வைத்துக் கொடுத்தாள், குடிக்கவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவள் அவர் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"கீழத்தெருல புள்ளைங்க இல்லியா?" என்று கேட்டாள். "அதுங்களுக்கும் வர்ற வரைக்கும் படுத்துக்கினே இருக்கப் போறீங்களா?"

அவள் சொன்னது காதில் ஏற ஒரு நாழிகை ஆனது. பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு சுந்தராம்பாளைத் தேடிப் போனார்.

கீழத்தெருவில் இன்னும் அம்மை வார்க்கவில்லை. அங்கே பிள்ளைகள் அதிகம், பெரும்பாலும் சின்னதுகள், ஒன்றுக்கும் ஊசி போட்டதில்லை. சுந்தராம்பாள் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டார். இளையபெருமாள் மரியாதையாக மோர் கொடுத்து, மரியாதையாகக் கையெடுத்துக் கும்பிட்டு, மரியாதையாக பஸ் ஏற்றிவிட்டார். ஆத்தா ஊருக்குள் இருக்கும்போது ஊசி நுழையக் கூடாது. அவள் கோபித்துக்கொண்டால் ஊரே தாங்காது. அவர் கெட்ட மனுஷன் இல்லை, பயந்த மனுஷன். நோய் கீழத்தெருவுக்குள் நுழைவதற்கு முன்னால் போட்டாக வேண்டும், நுழைந்துவிட்டால் அப்புறம் நான் போய் என்ன பிரயோசனம் என்று சுந்தராம்பாள் குடையைத் தரையில் குத்தினார்.

இரண்டு பேருமாகப் போனார்கள். இளையபெருமாள் இந்த முறையும் மோர் கொடுத்தார். அன்வர் பாஷா வாதாடவில்லை, வாதாட அவருக்கு வராது. மோரைக் கையில் வைத்துக்கொண்டு, ஆத்தாளுடைய ஊர் எதுவரைக்கும் ஐயா என்று கேட்டார். எல்லைக்கல் வரைக்கும் என்றார் இளையபெருமாள். கீழத்தெரு தாண்டி, ரோட்டோரப் புளியமரத்துக்குப் பக்கத்தில், வருஷா வருஷம் மஞ்சள் பூசிப் பொங்கல் வைக்கிற கல் ஒன்று உண்டு. அதற்கு அந்தாண்டை ஆத்தா போகமாட்டாள், இந்தாண்டை வேற்றூர் ஆத்தா வரக்கூடாது.

அன்வர் பாஷா மோரைக் குடித்தார்.  செங்கேணியை இடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோது முன்னால் நடந்தவர் இளையபெருமாள்தான்.

"கல்லுக்கு அந்தாண்ட நீங்க இன்னா விக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாது பாய்," என்றார் கடைசியில். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல."

குன்று உச்சியில் மேய்கிற ஆடு யாருடையது என்று இங்கிருந்தே சொல்லுகிற கண் அது. யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் ஒரு சிக்கலை அவரே சொன்னார். எந்தத் தாயும் தன் பிள்ளையைக் கையைப் பிடித்து ஊசிக்குக் கூட்டிக்கொண்டு வரமாட்டாள். நாளைக்கு ஆத்தா கேட்டால் என்ன பதில் சொல்வது?

கூட்டிக்கொண்டு வர வேண்டாம், அதுகளே ஓடி வரும் என்றார் சுந்தராம்பாள். சொல்லிவிட்டு அன்வர் பாஷாவைத் திரும்பிப் பார்த்தார். ஐஸுக்குப் பிள்ளை ஓடியது, நான் என்ன செய்வேன் என்று தாய்க்காரி சொல்லிக்கொள்ளலாம். ஆத்தாவுக்கே அது புரியும்.

 தன்னிடம் எதைக் கேட்கிறார்கள் என்று அன்வர் பாஷாவுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

"அப்புறம் வருங்களா?" என்று கேட்டார். "அதுக்கப்புறம், நான் ஹாரன் அடிச்சா?"

சுந்தராம்பாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். பொய் சொல்லிப் பழகாத மனுஷி.

"வராதுங்க பாய்."

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன்பே புளியமரத்தடியில் நின்றுவிட்டார்கள். மரத்துக்குப் பின்னால் சுந்தராம்பாள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்து ஊசிகளைக் கொதிக்கப் போட்டார், ஒரு பிள்ளைக்குப் போட்டதை இன்னொன்றுக்குப் போடக்கூடாது என்று நிறையவே கொண்டுவந்திருந்தார். முன்னால் சைக்கிள். பெட்டி நிறைய, வாங்க முடிந்ததெல்லாம் வாங்கி, ஆரஞ்சும் சேமியாவுமாக அடுக்கியிருந்தார் அன்வர் பாஷா. குன்று இன்னும் இருட்டு வாசனை போகாமல் மங்கலாகக் கிடந்தது. ஸ்டவ் ஆவியும் பெட்டிப் புகையும் ஒன்றாகக் கலந்து புளியங்கிளைகளுக்குள் ஏறிக்கொண்டிருந்தன. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். இப்படியே நின்றுவிடலாம், ஹாரனை அழுத்தவே வேண்டாம் என்று அவருக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. பாய் என்று சுந்தராம்பாள் கூப்பிட்டார்.

அழுத்தினார். பாம், பாம்.

வந்தார்கள். கீழத்தெரு முழுக்க வந்தது. எத்தனை நாளாகக் காணாத ஐஸ் பாய். பல் விளக்காமல், கண்ணில் பூளையோடு, கால்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, விழுந்து எழுந்து, எல்லைக்கல்லைத் தாண்டிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே தாய்மார்கள் கைக்குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஏதோ சுள்ளி பொறுக்க வந்தவர்கள் மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டு வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்தவன் ராஜாங்கம், தெருவிலேயே வேகமான கால் அவனுக்கு.

அன்வர் பாஷா வேரில் உட்கார்ந்து அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவனுக்குத் தலைகால் புரியவில்லை, ஐஸ் பாய் மடியில் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை. கையில் ஆரஞ்சு ஐஸ். அதை அவன் வாய்க்குக் கொண்டுபோகும்போது அவர் அவனுடைய மறு கையை இறுக்கிப் பிடித்தார். சுந்தராம்பாள் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தார்.

வலியில் கத்துவதற்கு முன்னால் ராஜாங்கம் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை அன்வர் பாஷா சாகும் வரைக்கும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு பிள்ளைகள் சிதறி ஓடப் பார்த்தார்கள். சுள்ளி பொறுக்க வந்த தாய்மார்களோ எல்லைக்கல் பக்கம் தற்செயலாக வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள், தாண்ட வழியில்லை. யாரும் யாரையும் பிடித்துக் கொடுக்கவில்லை, அது கூடாதே. அப்போது மேலத்தெருப் பக்கமிருந்து சின்னப்பொண்ணு வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. வந்தவள் ஒரு பேச்சுப் பேசாமல் ஓடுகிற பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, தூக்கி, அன்வர் பாஷா மடியில் கொண்டுவந்து வைத்தாள். ஆத்தா கேட்டால் அவள் பதில் சொல்லிக்கொள்வாள், அவளிடம் ஆத்தாவுக்கு இனி எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

பிள்ளை இல்லாத மனுஷன் அன்றைக்கு மடி நிறையப் பிள்ளைகளை வைத்திருந்தார். அத்தனையும் அழுதன, திமிறின, கடித்தன. ஒவ்வொன்றின் நெஞ்சும் அவர் கைக்குள் படபடவென்று அடித்துக்கொண்டது. ஆயிற்று கண்ணு, ஆயிற்று என்று சொல்லிக்கொண்டே இருந்தார், எதுவும் கேட்கவில்லை. ஐஸை நீட்டினார், தட்டிவிட்டார்கள். மண்ணெல்லாம் ஆரஞ்சாகக் கரைந்து ஓடியது. வாண்டு ஒன்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு தள்ளி நின்று, நீ ஐஸ் பாய் இல்லை, ஊசி பாய் என்றது. மற்றதுகள் அதைப் பிடித்துக்கொண்டன. கடைசிப் பிள்ளைக்கும் போட்டு முடித்து ஸ்டவ்வை அணைத்தபோது, அவர் சட்டை முன்பக்கம் முழுக்கச் சளியும் கண்ணீருமாக நனைந்திருந்தது. அவர் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை, அப்படியே வீட்டுக்குப் போய் பக்ருன்னிசாவிடம் காட்டினார்.

மேலத்தெருவில் அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு வாசலில் வேப்பிலை ஏறியது. கீழத்தெருவில் அந்த வருஷம் ஒரு வாசலிலும் ஏறவில்லை. ஆத்தா மனமிரங்கினாள் என்றார் இளையபெருமாள். ஊசி வேலை செய்தது என்றார் சுந்தராம்பாள். இருவரும் அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. சித்திரையில் ஆத்தாவுக்குத் தண்ணீர் ஊற்றி அனுப்பிவைத்துவிட்டு, கூழ் ஊற்றிய அன்று அன்வர் பாஷா வீட்டுக்கும் ஒரு குடம் கூழ் அனுப்பினார் பூசாரி.

அடுத்தடுத்த ஊர்களுக்கும் சுந்தராம்பாள் அவரைக் கூப்பிட்டார். போனார். ஒவ்வொரு ஊரிலும் ஒரு முறைதான் அந்த வித்தை பலிக்கும். பிள்ளைகள் உலகத்தில் சேதி பரவுகிற வேகம் அம்மைக்குக்கூட வராது. அந்தக் கோடை முடிவதற்குள் செஞ்சியைச் சுற்றி எந்த ஊரிலும் அவர் ஹாரனுக்கு ஓடிவர ஒரு பிள்ளையும் மிச்சமில்லை. அப்புறம் சைக்கிளை பஸ் ஸ்டாண்டில் நிறுத்திக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பெரியவர்களுக்கு விற்றார். வியாபாரம் ஓடியது, வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் பெரியவர்கள் மெதுவாக நடந்து வந்து, ஒன்று கொடுங்கள் பாய் என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இன்றைக்கு யார் யார் ஓடி வந்தார்கள் என்று பக்ருன்னிசா கேட்பதை நிறுத்திவிட்டாள். அவர் புழுதி இறங்குவதைப் பார்ப்பதுகூடக் குறைந்துபோயிற்று.

மறு கோடையில் ஒருநாள், எதற்கென்று தெரியாமல், அவர் கல்லேரிக்குப்பத்துக்குச் சைக்கிளை மிதித்தார். பாறைகள் தரையை விட்டு மிதந்துகொண்டிருந்தன. கீழத்தெருவின் நடுவில் பிள்ளைகள் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷத்தில் எல்லாம் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தன. அவர் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஹாரனை அழுத்தினார்.

ஊசி பாய் என்று ஒரு குரல். அவ்வளவுதான், பம்பரங்கள் சுற்றினது சுற்றினபடி நிற்க, தெருவே கலைந்தது. திண்ணை ஏறிக் குதித்து, வேலி புகுந்து, வைக்கோல்போரைச் சுற்றி, கதவுகளைப் படார் படாரென்று சாத்திக்கொண்டு ஓடினார்கள். அத்தனை கால்களும் ஓடின, ஒன்றுகூடக் குறையவில்லை. ராஜாங்கம் எல்லாருக்கும் முன்னால் ஓடினான். அன்வர் பாஷா தலையைச் சாய்த்து அந்தச் சத்தம் கடைசி வாசலில் அடங்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவருக்கு.

வெகுநேரம் காத்திருந்தார். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, தலைகள் எட்டிப் பார்த்தன, பம்பரத்தை எடுக்க மெல்ல வெளியே வந்தார்கள்.

அவர் மறுபடியும் ஹாரனை அழுத்தினார்.